சூப்பிரண்டு மிதிக்காத படி

சபதம் செய்தவர்களால்தான் உலகம் இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது. ராஜ்யங்கள் எழுந்ததும் சரிந்ததும், ஆறுகள் திசை திரும்பியதும், எவனோ ஒருவன் ஒருநாள் நிமிர்ந்து நின்று, இனி இப்படித்தான் என்று சொன்னதால்தான். குடிநீர் அலுவலகத்துச் சூப்பிரண்டு தம் ஓய்வு விழாவில் செய்த சபதமும் அந்த வரிசையில் வரவேண்டியதுதான். "இத்தனை வருஷமா மிதிச்ச இந்தப் படியை இந்தக் கால் இனி மிதிக்காது" என்று அவர் வலது காலைச் சற்றே முன்னால் வைத்துச் சொன்னார். அந்த நேரம் மைக் வேலை செய்யவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் காதில் விழுந்தது. அதில் ஒருவருக்குக் காது மந்தம். கைதட்டல் மட்டும் பலமாக எழுந்தது. பின்னால் பலகாரப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

சபதத்துக்குக் காரணம் உண்டு. பணி நீட்டிப்பு வரும் என்று சூப்பிரண்டு எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. சரி, நான் இல்லாமல் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கிறேன், நாளைக்கே வாசலில் வந்து நிற்கப்போகிறார்கள் என்று வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு வைத்தார். ஒருவரும் வரவில்லை. அவர் இருந்தபோது நகராத கோப்புகள், அவர் போன பிறகும் அதே நிதானத்தோடு இருந்த இடத்திலேயே இருந்தன.

அவர் மனைவியின் தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஓய்வு விழாவுக்கு அவனும் போயிருந்தான். குளிர்பானம் வைத்திருந்த ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று அவனைப் பிடித்துப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் பேசிய பொழுதெல்லாம் அவன் கம்ப்ரஸருக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஆகவே சபதத்தின் வாசகம் அவனுக்குத் தெரியாது. அத்தான் இனி அந்த ஆபீசுக்குப் போகமாட்டார் என்பது மட்டும் தெரியும். விவரம் கேட்கவில்லை. அந்த வீட்டில் விவரம் கேட்டால் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

காசோலை விஷயம் வராமல் இருந்திருந்தால் இப்படியே காலம் ஓடியிருக்கும். எடுக்காமல் விட்ட விடுப்புகளுக்கான சம்பளம் காசோலையாகத் தயாராக இருக்கிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், அல்லது அதிகாரம் அளித்து ஆள் அனுப்பவும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். தலைமை அலுவலகத்துக்குத் திரும்பிப் போன காசோலைக்கு என்ன கதி என்பது சூப்பிரண்டுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேருடையதை அவரே அனுப்பி வைத்திருக்கிறார்.

அந்தக் காசோலையை எதிர்பார்த்து அக்காவின் வாய் காத்திருந்தது. மேல்வரிசைப் பல் முழுவதையும் எடுத்தாகிவிட்டது. ஈறு ஆறிவிட்டது. பல் டாக்டர் அளவும் எடுத்து வைத்துவிட்டார், முன்பணம் கட்டினால் பல்செட் வேலையைத் தொடங்குவார். சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவென்று எட்டிப் பார்ப்பார்கள், அப்படிச் சிரித்த அக்கா இப்போது மூக்கால் சிரித்தாள். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால், போனை மேலே பார்க்கத் திருப்பி வைத்துவிடுவாள். மகள் பல வாரங்களாக மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்காகத்தான் மெக்கானிக் ஒப்புக்கொண்டான். போனோம், வாங்கினோம், வந்தோம் என்று இருக்கும் என நினைத்தான்.

அதிகாரம் அளிக்கும் கடிதத்துக்கு ஐந்தாறு வரி போதும். சூப்பிரண்டு இரண்டு காலைப்பொழுதுகள் எடுத்துக்கொண்டார். முதல் பத்தியில் தம் சேவையைச் சுருக்கமாகச் சொன்னார். சுருக்கம் முதல் பக்கத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது பக்கத்தின் நடுவில் மெக்கானிக் ஒருவழியாக வந்து சேர்ந்தான். அங்கே 'நேரில் வர நான் விரும்பாத காரணத்தால்' என்றிருந்தது.

முடியவில்லை என்று போட்டுவிடலாமே என்று மெக்கானிக் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றினார். "இயலவில்லைங்கிற வார்த்தைய என் சர்வீஸ்ல நான் எழுதினதே இல்ல தம்பி. வேற எவனாவது எழுதிக் கொண்டாந்தா சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

அக்கா சமையலறையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே, அந்த மட்டுக்கும் எழுதினாரே, வாங்கிட்டுக் கிளம்பு என்று சைகை காட்டினாள்.

மெக்கானிக்குக்குத் தன் கருவிப் பெட்டியைத் தெருவில் விட்டுப் பழக்கமில்லை. சக்கரம் வைத்த பெட்டி. அதை அலுவலக முகப்பில் இருந்த சரிவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு மேலே போனான். காசோலைக் கவுன்ட்டர் கண்ணாடியில் பேசுவதற்கு ஓர் ஓட்டை இருந்தது. நின்றால் நெஞ்சுக்கும், குனிந்தால் நெற்றிக்கும் வரும் உயரம். அந்தப் பக்கம் சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று பக்கங்களையும் பொறுமையாகப் படித்தாள். அவ்வளவு பொறுமையாக யாரும் தம்மைப் படித்ததில்லை என்று தெரிந்தால் அத்தான் மகிழ்ந்திருப்பார்.

"அண்ணா, காரணத்துல விரும்பலைன்னு போட்டிருக்கே."

"ஆமாம்மா."

"விரும்பலைன்னா அது காரணம் இல்லையே. முடியலைன்னா குடுத்துடுவேன். விரும்பலைன்னா, சார் விரும்புற வரைக்கும் நாங்க வெச்சிருக்கோம்."

கம்ப்யூட்டரை இவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் அனுமதிக்கப்பட்ட காரணங்கள் இருந்தன: உடல்நலக் குறைவு, வெளியூரில் இருத்தல், முதுமை, இறப்பு. எது என்று கேட்டாள். கடைசியில் இருந்ததை மெக்கானிக் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்தபோது ஐஸ்கிரீம் கடைக்காரர் போனில் காத்திருந்தார். காலையில் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தான். அவர் தம் சரக்கெல்லாம் பாயசமாகிவிட்டதாகச் சொன்னார். கூடவே மெக்கானிக்கின் பரம்பரையைப் பற்றியும் சில தகவல்கள் சொன்னார்.

வீட்டில் சூப்பிரண்டு அந்த நான்கு காரணங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்துத் தள்ளுபடி செய்தார். வெளியூர் என்பது பொய், பொய்யில் கையெழுத்துப் போடமாட்டார். முதுமை என்ற சொல்லைக் கேட்டதும் தலையைத் தடவிக்கொண்டார். அன்று காலைதான் மை பூசியிருந்தார். உடல்நலக் குறைவா, குறைவு என்ற சொல்லே தமக்கு ஒத்துவராது என்றார். நான்காவதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. மெக்கானிக் மறுநாள் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். கடைசியில் 'மருத்துவ ஓய்வை மேற்கொண்டிருப்பதை முன்னிட்டு' என்று எழுத மனமிறங்கினார். மேற்கொண்டிருக்கிறார் என்பதில் ஒரு கம்பீரம் இருந்தது. ஏதோ பயணத்தை மேற்கொண்டிருப்பதைப் போல.

கவுன்ட்டர் பெண் இந்த முறை இவனைப் பார்த்ததும் சிரித்தாள். மருத்துவ ஓய்வு செல்லும், ஆனால் டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றாள். தெரிந்த டாக்டர் என்று அந்தக் குடும்பத்துக்கு இருந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவரிடம் வாங்கலாமா என்று கேட்டான்.

"சாருக்குப் பல்லுல என்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. எங்க அக்காவுக்கு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் யோசித்து, வேறு வழி ஒன்று இருக்கிறது, அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து ஆளை நேரில் பார்த்து அறிக்கை எழுதினாலும் போதும் என்றாள். இப்போதைய சூப்பிரண்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார், இவளே அவரிடம் சொல்லி அனுப்புகிறாள். அண்ணா தினம் வந்து நிற்பது அவளுக்கே பாவமாக இருக்கிறதாம். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் வீட்டு வாசலில் இத்தனை வருடமாக யாரும் அவனைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதில்லை.

அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது என்ற செய்தியை வீட்டில் சொன்னபோது சூப்பிரண்டின் முகம் விழா மேடையில் இருந்ததைப் போல ஆகிவிட்டது. வருவார்கள் என்று சொன்னேனா இல்லையா என்று அக்காவிடம் கேட்டார். வருகிறவர் அவரிடமே எழுத்தராக இருந்தவர். தூங்குமூஞ்சி என்று அத்தான் வைத்த பெயர்தான் அவருக்கு வீட்டில் வழங்கியது. தூங்குமூஞ்சி தன்னைத் தேடி வருகிறான். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போடச் சொன்னார். விரிப்பை மாற்றினார். எந்தப் பக்கம் தலை வைத்தால் வாசலிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் படுத்துப் பார்த்தார். மார்பு வரை போர்வை. போர்வைக்குள் இஸ்திரி போட்ட சட்டை.

"அத்தான், பேசாம படுத்திருங்க. ரெண்டு கேள்விதான். ஆமாங்க, ஆமாங்கன்னு சொன்னா போதும்" என்று மெக்கானிக் கெஞ்சினான்.

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

புது சூப்பிரண்டு சாயங்காலம் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பழைய பயம் அவருக்கு இன்னும் மிச்சம் இருந்தது. அத்தான் பாதிக் கண்ணைத் திறந்து, பாதிச் சொல்லாகப் பேசினார். அக்கா தேநீர் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். முதல் கேள்விக்கு அத்தான் ஆமாம் என்றார். இரண்டாவது கேள்விக்கும் ஆமாம் என்றார். மெக்கானிக் சுவரில் சாய்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டான்.

வந்தவர் மரியாதைக்காக இன்னும் ஒரு வாக்கியம் பேசினார். ஆபீசைப் பற்றிக் கவலைப்படாமல் ஓய்வெடுங்கள் சார் என்றார். அங்கே எல்லாம் சுலபமாகிவிட்டது, இணைப்புக் கோப்புகளைத் தெருவாரியாக அடுக்குவதை விட்டு வருஷவாரியாக மாற்றிவிட்டோம் என்றார்.

அத்தானின் மற்றப் பாதிக் கண்ணும் திறந்தது.

"வருஷவாரியாவா?"

மெக்கானிக் அக்காவைப் பார்த்தான். அக்கா வாயிலிருந்த கையை எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். போர்வை தரையில் கிடந்தது. தெருவாரி முறையின் மேன்மையை விளக்க அத்தானுக்கு அலமாரியின் மேல்தட்டில் இருந்த புத்தகங்கள் தேவைப்பட்டன. அதற்கு நாற்காலி மேல் ஏறினார். வந்தவர் எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். புத்தகங்கள் தெருக்களாயின, டம்ளர்கள் முச்சந்திகளாயின. கடைசிப் பேருந்து போய்விடும் சார் என்று வந்தவர் நழுவியபோது, அத்தான் கூடவே செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். மெக்கானிக் வாசலில் நின்று பார்த்தான். தெருமுனையில் ஒரு கை மட்டும் விளக்கின் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கவுன்ட்டர் பெண் அறிக்கையைப் படித்துக் காட்டினாள். 'நேரில் சந்தித்தேன். பூரண நலத்துடன் உள்ளார். நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்து என்னை வழியனுப்பினார்.'

"இதுல ஏதாவது தப்பா எழுதியிருக்காரா அண்ணா?"

"தப்பா ஒண்ணும் இல்ல. பஸ் வந்ததுக்கு அப்புறமும் பேசினாரு, அத விட்டுட்டாரு."

இனி அவரே வந்தால்தான் உண்டு. நாளை மத்தியானம் தலைமை அலுவலகத்து வண்டி வரும், வாங்காத காசோலைகளைக் கட்டி அதில் ஏற்றிவிடுவார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது கண்ணாடியின் ஓட்டை உயரத்துக்கு அவளும் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக் பெட்டியைக் கதவோரம் போட்டான். கோபத்தில் அவனுக்கு வார்த்தை வராது, பொருள்களின் பெயர்தான் வரும். கம்ப்ரஸர் ஒன்று, ஐஸ்கிரீம் கடை ஒன்று, ஆஸ்பத்திரியின் மருந்து ஃப்ரிட்ஜ் ஒன்று என்று இந்தக் கடிதங்களால் கைவிட்டுப்போன வேலைகளை வரிசையாகச் சொன்னான். இனி தன்னால் முடியாது என்றான். முடியாது என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவர் இவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

சூப்பிரண்டு அசையவில்லை. போனால் போகட்டும், கொள்கை என்று ஒன்று இருக்கிறது, வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று பத்திரிகையை விரித்தார்.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். கைகள் இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க கால் பெருசா, என் பல் பெருசா? அத மட்டும் சொல்லுங்க."

பல்லில்லாத இடத்தில் காற்றுப் போய், கேள்வி பாதி விசிலாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சூப்பிரண்டு அந்த வாயைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை என்பது மெக்கானிக்குக்கு அப்போது புரிந்தது. பத்திரிகை மெதுவாக மடிந்தது.

மறுநாள் காலை சூப்பிரண்டு விழாவன்று போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டீர்களா என்று மெக்கானிக் கேட்டான்.

"நான் நேர்ல போறேன். அதுக்கு மேல அட்டை எதுக்கு? அந்த ஆபீஸ்ல என் முகமே அடையாளம்."

பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அலுவலகம் நெருங்க நெருங்க மெக்கானிக்கின் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. வாசலில் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தண்டனைக்குப் போகிறவரைப் போல முகப்பைப் பார்த்து நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

"படி எங்க?"

"எந்தப் படி அத்தான்?"

"நான் மிதிக்க மாட்டேன்னு சொன்ன படி. இங்க ஏழெட்டுப் படி இருந்துதே. விழாவுல சொன்னேனே."

மெக்கானிக் அவரையே பார்த்தான். "படியத்தான் மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

வாசல் காவலாளி ஒப்பந்தத்தில் வந்த ஆள், கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். "படியா சார்? அத இடிச்சு ரொம்ப நாளாச்சே. சக்கர நாற்காலி ஏறுறதுக்காகச் சரிவு போட்டாங்க. யாரோ ஒரு சூப்பிரண்டு ரிட்டயர் ஆனாராம், அடுத்த வாரமே வேலை ஆரம்பிச்சிட்டாங்க. பழைய கல்லு வேணும்னா பின்னாடி கழிப்பறைப் பக்கம் கிடக்கு, பாக்கறீங்களா?"

சூப்பிரண்டு வேண்டாம் என்றார். மூன்று பக்கக் கடிதம், ஐஸ்கிரீம் கடைக்காரர், போர்வை, முச்சந்தியான டம்ளர்கள் எல்லாம் மெக்கானிக்குக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. பெட்டியைச் சரிவில் கடகடவென்று இழுத்தான், தேவைக்கு மேல் சத்தம் வரும்படி. சூப்பிரண்டு பின்னால் ஏறினார். சரிவில் நடந்து பழக்கமில்லாததால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

கவுன்ட்டர் பெண் மெக்கானிக்கைப் பார்த்து, வாங்கண்ணா என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். "சார், உங்களுக்கு என்ன வேணும்?"

"நான்தான் அது."

"எது சார்?"

சூப்பிரண்டு தம் முகத்தை ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்தார். அதற்குக் குனிய வேண்டியிருந்தது. முகம் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. அட்டை கேட்டாள். அவருடைய காலத்து ஆட்களில் இருவர் மாற்றலாகிப் போய்விட்டார்கள், மற்றவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்த புது சூப்பிரண்டைக் கூப்பிடச் சொன்னார். அவர் இன்று விடுப்பு, பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் பனியில் நின்றதில் காய்ச்சல் என்றாள். வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துவர நேரமில்லை. தலைமை அலுவலகத்து வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே சரிவுக்குக் கீழே வந்து நின்று ஹாரன் அடித்தது.

அவள் விரலால் மேசையைத் தட்டி யோசித்தாள். அட்டை இல்லாதவருக்கு, இங்கே தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது.

"இங்க எனக்குத் தெரிஞ்சவர் இந்த அண்ணாதான்" என்றாள். "அண்ணா, இவர உங்களுக்குத் தெரியுமா?"

அத்தான் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. மெக்கானிக் அதைச் சற்று நேரம் இருக்க விட்டான்.

"தெரியும்" என்றான்.

அவள் ஒரு வெள்ளைத் தாளை ஓட்டை வழியாக நீட்டி, என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். சூப்பிரண்டு, 'அடையாள அட்டையைக் கொண்டுவர விரும்ப' என்று தொடங்கினார். அவள் கண்ணாடியில் பேனாவால் தட்டினாள். அவர் நிறுத்தினார், எழுதியதை அடித்தார், தட்டில் இருந்த காசோலையைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'அடையாள அட்டையைக் கொண்டுவர இயலவில்லை. நான்தான் நான் என்பதற்கு என் மனைவியின் தம்பி சாட்சி.'

அடுத்த மாதம் அக்காவுக்குப் பல் வந்தது. மகள் மின்விசிறியைப் பார்ப்பது நின்றது.

அந்தத் தாள் இப்போதும் அலுவலகத்தில் இருக்கிறது, வருஷவாரியாக அடுக்கப்பட்ட கோப்பில். அதில் சூப்பிரண்டைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருப்பவர், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர்.